சாப்பிட்டாச்சா என்று கேட்டதில் வந்த வினை

1

இந்தக் கதை திருட்டில் பிறந்தது. அக்கா சொன்னதைத் தம்பி எழுதுகிறான். இவனிடம் பாஸ்போர்ட் கிடையாது. வெளிநாடு போனதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்களில்தான். ஆகவே இப்படி ஆரம்பித்தான்:

சாம்பல் நிற வானத்தின் கீழே, நித்தியத்தின் ரொட்டியை அவள் பிட்டபோது—

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ரொட்டிய யாருடா பிட்டா? டப்பாவுல ஸ்பூன் போட்டுத் தின்னோம்."

(ரொட்டி போனது. நித்தியமும் கூடவே போனது.)

2

நடந்தது இதுதான். அக்கா பிஸ்கட் பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள். வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலையாகப் போனாள். அங்கே இயந்திரத்தை ஓட்டுபவர் ஒரு நடுவயது அம்மா. அந்த மொழியில் அக்கா தட்டுத்தடுமாறிக் கற்ற முதல் வாக்கியம் "சாப்பிட்டாச்சா?" நம்மவர்கள் வேறு எதைக் கற்பார்கள்? தினமும் காலையில் வணக்கத்துக்குப் பதில் அதையே கேட்டாள்.

அந்த அம்மாவோ அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். பாவம், பிள்ளைக்குப் பசி, வாய்விட்டுக் கேட்க வெட்கம். தன் டப்பாவைத் திறந்து பாதியைத் தள்ளினார். விடுதியில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்த அக்கா, வேண்டாம் என்றால் மனம் நோகுமே என்று அதையும் தின்றாள். மறுநாளிலிருந்து விடுதிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

(அந்தப் பதார்த்தம் புளிப்பாக, கொழகொழவென்று இருக்குமாம். பெயரை எழுதிப் பார்த்தான். எழுத்துப்பிழை போல இருந்தது. விட்டுவிட்டான்.)

சாப்பிட்டபடியே இருவரும் ஸ்பேனரைக் காட்டி உங்கள் மொழியில் என்ன, எங்கள் மொழியில் என்ன என்று பேசத் தொடங்கினார்கள். பிறகு பிள்ளைகளின் படங்கள். பிறகு மாமியார்கள். மாமியார்களைப் பற்றிப் பேச அவர்களுக்குச் சொற்களே தேவைப்படவில்லை.

3

இவ்வளவு நல்லவர் கதைக்கு ஆகாதே என்று இவனுக்குச் சந்தேகம். அந்த அம்மாவுக்குப் போரில் இறந்த காதலன் ஒருவனைக் கொடுத்தான்.

"யாரும் சாகல. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறாரு" என்றாள் அக்கா.

காதலனைக் கோடு போட்டு அடித்துவிட்டான்.

4

அக்கா ஊர் திரும்பிய பிறகுதான் வினை வந்தது. நம்மவர்களோடு முன்பு வேலை பார்த்த அந்தத் தொழிற்சாலை மேலாளர் ஒருவர், அந்தக் கேள்வி வெறும் வணக்கம்தான், அவளுக்குப் பசியெல்லாம் இல்லை என்று அந்த அம்மாவிடம் விளக்கிவிட்டார். அதை அக்காவுக்கும் செய்தியாக அனுப்பி, சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார். அதைக் கேட்டதும் அந்த அம்மா டப்பாவைக் கழுவிக்கொண்டு போய்விட்டாராம்.

இப்போது இயந்திரம் மறுபடி மக்கர். அக்கா போயாக வேண்டும்.

"தன் சோத்துல பாதிய எனக்குப் போட்டுச்சுடா. கேலி பண்ணிட்டேன்னு நினைச்சிருந்தா? நீதான் உலகத்தையே படிச்சவனாச்சே. போனதும் என்ன சொல்லட்டும்?"

இவன் மூன்று முடிவுகள் சொன்னான். ஒன்றில் இருவரும் மழையில் கட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்றில் காலி டப்பா ஒரு குறியீடு. மூன்றாவது, மௌனம் என்பது—

அக்கா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். "இதுல எதையாவது ஒரு மனுஷிகிட்ட போய்ச் சொல்ல முடியுமாடா?"

5

தொழிற்சாலை வாசலிலிருந்து போன் செய்தாள். பயமாக இருக்கிறது, லைனிலேயே இரு என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். இயந்திர இரைச்சல் கேட்டது. காலடிகள் நின்றன. அந்த அம்மாதான் முதலில் பேசினார். ஒரே வாக்கியம், கேள்வி போல முடிந்தது. பின்னாலேயே அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம். தொடர்பு அறுந்துவிட்டது.

இவன் இதுவரை கேட்ட உலகமெல்லாம் யாரோ தமிழாக்கிக் கொடுத்தது. மூலத்திலேயே காதில் விழுந்தது இது ஒன்றுதான், இதுவும் புரியவில்லை. பிறகு கேட்டபோது, "அது எங்களுக்குள்ள பேசினதுடா" என்று முடித்துவிட்டாள்.

அந்த வாக்கியத்துக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறான். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

.......................................

எழுதியதை இவனிடம் காட்ட வேண்டாம். இவன் அதற்கும் அடிக்குறிப்பு போடுவான்.