காதைத் தொட்டால் மெதுவாக

அரசாங்க உதவி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எங்கள் சோபாத் தொழிற்சாலைப் பெண்கள் ஆறு பேரும் செய்த முதல் காரியம், அங்கே போட்டிருந்த நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்ததுதான். கண்மூடித் திறப்பதற்குள் அந்த அறை சூறாவளி புகுந்த தேவாலயம் மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தி துணியை இழுத்துப் பார்த்தாள். இன்னொருத்தி ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தாள்.

"அடப்பாவி, நாலே நாலு பின் அடிச்சு விட்டிருக்கான்" என்றாள் ரோடா. "இதுல நம்ம பாஸ்டர் உக்காந்தாருன்னா, ஜெபம் முடியறதுக்குள்ள தரையில கிடப்பாரு."

"எந்த ஊர்ல செஞ்சதுடீ?"

"எந்த ஊரா இருக்கும்? சீனாதான்."

எல்லோரும் நாற்காலிகளை மெல்ல நிமிர்த்தி வைத்தார்கள். நான் மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தேன். எனக்கென்ன? நான் அந்தத் தொழிற்சாலையிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றவள். சர்ச் வேனை ஓட்டிக்கொண்டு வந்ததோடு என் வேலை முடிந்தது. வேலை போனவர்கள் அந்த ஆறு பேர்தான்.

ஸ்டாம்பர் சோபாக் கம்பெனியை மூடியபோது வட கரோலினாவில் எங்கள் ஊர் முழுக்க ஒரே பேச்சு, கப்பலில் வரும் சோபாவைப் பற்றித்தான். வெளிநாட்டு வியாபாரத்தால்தான் இவர்கள் வேலை போனது என்று வாஷிங்டனும் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு ஒரு சலுகையும் கொடுத்தது. புதிதாக ஒரு தொழில் படிக்க வேண்டும். படிக்கிற வரைக்கும் வாராவாரம் பணம், மருத்துவ இன்சூரன்ஸுக்கும் உதவி. படிப்பு நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஆறு பேரும் ஆஸ்பத்திரி பில் டைப் அடிக்கும் படிப்பை எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி பக்கத்து மாவட்டத்தில். அவர்களுடைய கார்களை நம்பிப் போனால் கல்லூரிக்குப் பதில் கல்லறைக்குத்தான் போய்ச் சேருவார்கள். அதனால் வேன் ஓட்ட நான்.

அந்த இன்சூரன்ஸ் மற்ற ஐந்து பேருக்கு ஒரு வசதி. டார்லீனுக்கு அது வெண்டலின் மூச்சு. அவள் புருஷன் வெண்டல் காலமெல்லாம் மரம் இழைக்கும் அறையில் நின்றவன். அவன் நுரையீரலில் இருக்கும் தூளைத் தட்டி எடுத்தால் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜையே செய்துவிடலாம். மூக்கில் குழாயும் பக்கத்தில் உறுமும் ஆக்சிஜன் மெஷினுமாக வீட்டில் கிடந்தான்.

"படிப்பை மட்டும் விட்டுடாத" என்று தினமும் காலையில் வாசலில் இருந்து கத்துவான்.

"நீ மூச்சை மட்டும் விட்டுடாத" என்று இவள் வேனில் ஏறுவாள்.

இனி எங்கள் தொழிற்சாலைப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. அவ்வப்போது கழுத்தில் கடிகாரத்தை மாட்டிக்கொண்டு ஒருவன் வந்து நிற்பான். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் நேரக்காரன். அவன் முன்னால் ஒருத்தி வேகமாகத் தைத்துவிட்டால் போதும், அடுத்த வாரமே உருப்படிக்கான கூலியைக் குறைத்துவிடுவார்கள். அதனால் அவன் தலை தெரிந்ததும் யாராவது காதைத் தொடுவாள். உடனே கூடம் முழுக்க, யார் அன்றைக்கு ரொம்ப மெதுவோ அவள் வேகத்துக்கு இறங்கிவிடும். அவன் போனதும் ஒருத்தி இடுப்பில் கட்டிய ஏப்ரனை உதறுவாள். மெஷின்கள் மறுபடி பறக்கும். அந்த வித்தையைக் குழந்தை தாய்ப்பால் குடிக்கிற மாதிரி கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

கல்லூரியில் முதல் நாள், டீச்சர் மிஸ் கெம்ப் சுவரில் ஒரு பெரிய அட்டையை மாட்டினாள். அதில் ஆறு பேருடைய பெயர். நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்று வாராவாரம் அதில் எழுதப்போகிறாளாம். கையில் ஒரு கடிகாரம் வேறு வைத்திருந்தாள், பாவம்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்து கல்லூரியின் ஓசிக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். ரோடாவின் கை மெல்ல மேலே போவதைப் பார்த்தேன். காதைத் தொட்டாள்.

அவ்வளவுதான். மாவட்டத்திலேயே வேகமான கை ரோடாவுடையது. அவள் தைத்தால் ஊசி சூடேறித் துணி கருகும் வாசனை வரும். அந்தக் கை இப்போது ஒவ்வொரு எழுத்தையும் கோழி தானியம் பொறுக்குகிற மாதிரி தேடித் தேடிக் கொத்தியது. மற்றவர்களும் அப்படியே. டார்லீன் மட்டும் உண்மையாகவே அப்படித்தான் அடித்தாள். மூட்டு வீங்கிய விரல்கள், வாங்கிய நாளிலிருந்தே பொருந்தாத கண்ணாடி. தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்க்க அவளுக்கு நேரமே இருந்ததில்லை.

அட்டையில் வாராவாரம் ஆறு பெயருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். டார்லீனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

"எனக்கு வராதுன்னு நெனச்சேன் வெர்னெல் அக்கா. ரோடாவுக்குச் சமமா அடிக்கிறேன், பாத்தீங்களா?" என்று வேன் அதிரச் சொன்னாள். வழியெல்லாம் அவித்த வேர்க்கடலையை எல்லோருக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தாள்.

ரோடா ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலையை உரித்தாள்.

இலையுதிர் காலம் முடிவதற்குள் உதவி அலுவலகத்து அதிகாரி ஹாலிஸ் எங்களைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். கெட்ட செய்தி சொல்லும்போது டையைச் சரிசெய்கிற பழக்கம் அவருக்கு. அன்றைக்கு டை கழுத்தை நெரித்துவிடும் போலிருந்தது.

"ஆறு பேருமே முன்னேறலைம்மா. இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்து வரலைன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. இந்த மாசத்தோட உதவியை நிறுத்தறாங்க."

டார்லீன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், எல்லாரும் சமமாத்தானே போறோம்? யாரும் பின்தங்கலையே?"

"அதாம்மா பிரச்சினையே. எல்லாருமே பின்தங்கித்தான் இருக்கீங்க."

ரோடாவுக்கு முகம் சிவந்தது. "நகருங்க தம்பி" என்று அவரை நாற்காலியோடு ஒரு தள்ளு. அவருடைய கம்ப்யூட்டரின் முன்னால் நின்றுகொண்டே அடிக்க ஆரம்பித்தாள். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுந்த மாதிரி இருந்தது. சாவிப்பலகையிலிருந்து புகை வந்தது என்று நான் சத்தியமே செய்வேன். என் சத்தியத்தை ஊரில் யாரும் நம்புவதில்லை, அது வேறு விஷயம். பெத் அவளைத் தள்ளிவிட்டுத் தானும் அடித்துக் காட்டினாள். மற்ற மூவரும் வரிசையில் நின்றார்கள். ஹாலிஸின் டை தோளுக்குப் போய்விட்டது.

எனக்கு ஒரே குதூகலம். தட்டுவதற்குக் கையைக்கூடத் தூக்கினேன். அப்போதுதான் டார்லீனைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. ரோடாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளாடீ?" என்று கேட்டாள்.

ரோடா விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"காதைத் தொட்டியா?"

"மொத நாளே."

"எனக்காகவா?"

ரோடா பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் கண்ணில் தண்ணீரோடு அழகாக ஒன்று சொல்லியிருப்பேன். "இல்லடீ" என்றாள் அவள். "சுவத்துல அட்டையையும் டீச்சர் கையில கடிகாரத்தையும் பாத்ததும் கை தானா போயிடுச்சு. பழக்கம்."

"சொல்லியிருந்தா ராத்திரியெல்லாம் உக்காந்து அடிச்சுப் பழகியிருப்பேனே. நான் ஒங்களோட சமமா இருக்கேன்னுல்ல நிம்மதியாத் தூங்கினேன்."

ஹாலிஸ் மெதுவாக, "தனித்தனியா ஒரு சோதனை வெக்கலாம். அதுக்கு நான் மேலிடத்துல பேசறேன்" என்றார். பேசவும் செய்தார்.

சோதனை நாளில் மிஸ் கெம்ப் கடிகாரத்தை எடுத்தாள். யாருடைய கையும் காதுப் பக்கம் போகவில்லை. டார்லீனும்தான் உயிரைக் கொடுத்து அடித்தாள். கண்ணாடி வியர்வையில் நழுவி மூக்கு நுனிக்கு வந்தது, அதைத் தள்ளிவிடக்கூட அவள் கையை எடுக்கவில்லை. ஐந்து பேருக்கு உதவி தொடர்ந்தது. டார்லீனின் உதவி நின்றது. இத்தனை மாதமாக இருந்த இடத்திலேயே இருக்கிறாள், மற்றவர்களுக்கு வந்தது இவளுக்கு வரவில்லை, இதற்கு மேல் அரசாங்கப் பணத்தைச் செலவழிக்க வழியில்லை என்றார்கள். படிப்பை மாற்றக் கேட்டாள். அதற்கான கெடு, அவள் சந்தோஷமாகக் கடலை கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் முடிந்துபோயிருந்தது.

அவள் நெடுஞ்சாலை ஓரத்துக் கோழி ஆலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தாள். தலைக்கு மேலே சங்கிலியில் கோழிகள் தொங்கிக்கொண்டே வரும், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சங்கிலியை ஓட்டுவது மோட்டார். அங்கே யார் காதைத் தொட்டாலும் அது தன் வேகத்தில்தான் ஓடும்.

"இன்சூரன்ஸ் உண்டாடீ?" என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் கேட்டேன்.

"மூணு மாசம் கழிச்சுத்தான் அக்கா. பெரிய மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு." பையிலிருந்து சாவியைத் தேடி எடுத்தாள். "அதுவரைக்கும் வெண்டல் மெதுவா மூச்சு விடணும். அவருக்கும் பழக்கம்தானே."



மறுநாள் காலை வேனில் ஐந்து பேர். கோழி ஆலை வாசலில் இரவு வேலை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. வலைத்தொப்பியும் ரப்பர் ஏப்ரனுமாக டார்லீன் சாலை ஓரத்தில் நின்றிருந்தாள். எங்கள் வேனை அடையாளம் கண்டுகொண்டாள். நான் பிரேக்கில் காலை வைத்தேன்.

அவள் இரண்டு கையாலும் ஏப்ரனைப் பிடித்து, நேரக்காரன் போனதும் உதறுகிற மாதிரி உதறினாள். துணி ஏப்ரனாக இருந்தால் பறந்திருக்கும். ஈர ரப்பர் அவள் முழங்காலில் பட்டென்று அடித்துவிட்டுத் தொங்கியது. மறுபடியும் உதறினாள்.

பின்னால் பெத் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ரோடா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதான் சொல்றாள்ல" என்றாள். "வேகமாப் போ, வெர்னெல் அக்கா."