வண்டுக்கு ஒரு காவடி

மழைக்குக் காவடி எடுப்பார்கள், பிள்ளைக்கு எடுப்பார்கள், தீராத வயிற்றுவலிக்கும் எடுப்பார்கள். ஒரு கட்டுரை அச்சாக வேண்டும் என்று தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்ட மனிதர் இந்தக் கரும்புத் தீவின் ரோஸ் பெல் கிராமத்தில் ஒருவர்தான் உண்டு. தலையெழுத்து, அவர் அலமேலுவுக்குப் புருஷனாக வாய்த்தார்.

அவர் பெயர் ஆறுமுகம். அலமேலு அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். கல்யாணத்தைப் பதிவு செய்தபோதுகூட அவளுடைய அண்ணன்தான் சொன்னான். அது முருகன் பெயராகவும் போய்விட்டதால், கோயிலில் எல்லோரும் “ஆறுமுகனுக்கு அரோகரா” என்று கூவும்போது இவள் முதல் சொல்லை விழுங்கிவிட்டு அரோகராவை மட்டும் சொல்வாள். சாமிக்கு அது புரியும் என்று அவளுக்கு நம்பிக்கை.

எல்லா வினையும் வண்டால் வந்தது. சில வருஷமாகக் கரும்பு வேரை ஒரு புழு தின்றது. அது வளர்ந்து பழுப்பு வண்டாகி, இந்தத் தீவில் கோடையான மார்கழி, தையில் மண்ணைவிட்டு மேலே வந்தது. பக்கத்து எஸ்டேட்டின் சொந்தக்காரர் மிஸ்யே ரோபெர் துரை, “கிராமத்து ஜனங்கள் வைத்திருக்கும் சாணக்குழிகளில்தான் இது பிறக்கிறது” என்று சொல்லிவிட்டார். துரை சொன்னால் சர்க்காருக்கு வேதவாக்கு. குழிகளை எல்லாம் மூடச் சொல்லி உத்தரவு வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. எஸ்டேட்காரன் கப்பலில் உரம் தருவித்துக்கொள்வான். துண்டு நிலம் வைத்திருப்பவனுக்குச் சாணத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? குழி போனால் கரும்பு போச்சு, கரும்பு போனால் சோறு போச்சு.

ஆறுமுகம் சும்மா இருப்பாரா? கோடைக்குக் கோடை மண்ணைத் தோண்டிக்கொண்டே கிடந்தார். சாணக்குழியில் இருப்பது வேறு புழு, குண்டுப் புழு, அது கரும்பைத் தொடாது. வேரைத் தின்னும் வண்டு எஸ்டேட் எல்லையில் நிற்கும் சவுக்கு மரங்களுக்கு அடியில்தான் முட்டை இடுகிறது என்று கண்டுபிடித்தார். பொழுது சாய்ந்ததும் கொஞ்ச நேரம் மட்டும் அது மண்ணைவிட்டு எழுந்து பறக்கும் என்பதையும் கண்டார். கண்டதை இங்கிலீஷில் எழுதி, தலைநகர் போர் லூயியில் இருக்கும் விவசாய ஆராய்ச்சிச் சங்கத்துக்கு அனுப்பினார். சங்கத்தின் இதழில் வந்தால்தான் சர்க்கார் காது கொடுக்கும்.

சங்கம் பிரெஞ்சில்தான் போடுமாம், கட்டுரை திரும்பி வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் அலானின் கையைக் காலைப் பிடித்து பிரெஞ்சில் எழுதி வாங்கி மறுபடி அனுப்பினார். எழுதியவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டுத் திரும்பி வந்தது. “என் வீடு, ரோஸ் பெல்” என்று எழுதி அனுப்பினார். வீடு நிறுவனம் ஆகாது என்று அதுவும் திரும்பியது. எந்த நிறுவனத்தையும் சேராதவன் வண்டைப் பார்க்கக் கூடாது என்று சட்டமா என்று கேட்டு எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் முருகனிடம் நேர்ந்துகொண்டார்.

கோயிலில் கொடி ஏறி, கையில் காப்பும் கட்டியாகிவிட்டது. மறுநாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

“கட்டுரையப் பரிசீலிக்கிறாங்களாம்” என்றார் ஆறுமுகம். “ஆனா வண்டக் கொன்னு, ஊசியில குத்தி, அட்டையில வெச்சுக் கொண்டாரணுமாம். வர்ற வியாழக்கிழமை கூட்டத்துக்கு.”

“கொண்டுபோய்க் குடுங்களேன். வண்டுக்கா பஞ்சம்? என் அரிசிப் பானையிலகூட ஒண்ணு கிடந்துது.”

“காப்புக் கட்டியிருக்கேன் அலமேலு. ஒரு உசிரக் கொல்லக் கூடாது. ஊரெல்லையும் தாண்டக் கூடாது.”

“எதுக்குக் கட்டின காப்பு?”

“கட்டுரைக்காகத்தான்.”

“ஆக, கட்டுரை வரணும்னா வண்டக் கொல்லணும். கட்டுரை வரணும்னு காவடி எடுத்ததால வண்டக் கொல்லக் கூடாது. அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

அலமேலு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். வைக்காமல் இருந்திருந்தால் அது எங்காவது போய் விழுந்திருக்கும். இந்த மனிதருக்கு வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதே பிழைப்பு.

“பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவப் பையன்கிட்டச் சொல்லிக் கொல்லுங்க. அவனுக்கு ஏது காப்பு, விரதம் எல்லாம்?”

“சொல்லிக் கொன்னாலும் நான் கொன்னதுதான். உசிரோடவே குடுப்போம். செத்ததக் கேட்டாங்க, உசிரையும் சேத்துக் குடுக்குறோம். நஷ்டமா அவங்களுக்கு?”

கொண்டுபோவது யார் என்ற கேள்வி வந்ததும் அவர் அலமேலுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

இப்படியாக, நல்ல சேலை கட்டி, இரண்டு பிஸ்கட் டின்களை மடியில் வைத்துக்கொண்டு, அலமேலு போர் லூயிக்கு ரயில் ஏறினாள். ஒரு டின்னில் அவர்கள் வீட்டுச் சாணக்குழி எரு. இன்னொன்றில் மிஸ்யே ரோபெரின் சவுக்கு மரத்தடி மண். வழியெல்லாம் புருஷனையும் சங்கத்தையும் மாறி மாறித் திட்டினாள். முருகனை மட்டும் விட்டுவிட்டாள்; விரத நாள் அல்லவா.

சங்கத்தின் செயலாளர் மிஸ்யே தெனி, கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். கதவோரத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். நீள மேசையைச் சுற்றித் துரைமார் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மிஸ்யே ரோபெர். ஆறுமுகத்தின் கட்டுரையை மிஸ்யே தெனி வாசித்தார். பிறகு டின்களைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“மதாம், இதில் மண்தானே இருக்கிறது.”

“பொழுது சாயட்டும் மிஸ்யே” என்றாள் அலமேலு, தீவின் பேச்சுமொழியான கிரியோலில். “கட்டுரையில எழுதியிருக்கே. இப்பத்தானே படிச்சீங்க?”

மிஸ்யே ரோபெர் சிரித்தார். “கட்டுரை கேட்டோம், தோட்டத்தையே அனுப்பிவிட்டார்கள்” என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். திறந்த டின்கள் மேசையிலேயே இருக்க, அவர்கள் சர்க்கரை விலை பேசப் போய்விட்டார்கள். அலமேலு கிளம்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். அந்த இரண்டு டின்னையும் திருப்பித் தூக்கிச் சுமப்பதை நினைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பொழுது சாய்ந்தது. யாரோ மின்விளக்கைப் போட்டார்கள். சவுக்கு மரத்தடி டின்னில் மண் லேசாக அசைந்தது. ஒரு வண்டு எழுந்து விளக்கில் போய் மோதியது. பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் கும்பலாக. ஒருவர் தாடியில் ஒன்று புகுந்தது. மிஸ்யே ரோபெரின் கிளாசுக்குள் ஒன்று விழுந்தது. நாற்காலிகள் பின்னால் சரிந்தன. எரு டின் மட்டும் அமைதியாக இருந்தது. மிஸ்யே தெனி அதை ஒரு பென்சிலால் கிளறிப் பார்த்தார். குண்டுப் புழு ஒன்று சோம்பேறியாகப் புரண்டு படுத்தது.

“ஒரு டின்னை வைத்துத் தீவு முழுக்க முடிவு கட்ட முடியாது” என்றார் மிஸ்யே ரோபெர், கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு.

“உண்மைதான்” என்றார் மிஸ்யே தெனி. “ஆனால் சாணக்குழிதான் காரணம் என்று சொல்ல நம்மிடம் அரை டின்கூட இல்லையே. இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.”

“சரி, கொடுங்கள். ரோஸ் பெல் விவசாயி ஒருவரின் குறிப்பு என்று போட்டால் போதும். சங்கத்தில் இல்லாதவர் பெயர் எதற்கு?”

அலமேலு எழுந்துவிட்டாள். “பேர் இல்லாம போட்டா அது மொட்டைக் கடுதாசி மிஸ்யே. மொட்டைக் கடுதாசிய நம்பியா சர்க்கார் எங்க குழிய விட்டுவைக்கும்?”

மிஸ்யே தெனி கொஞ்சம் யோசித்தார். “விதியில் ஒரு வழி இருக்கிறது. எழுதியவர் வராவிட்டால், கட்டுரையைக் கொண்டு வந்தவர் அவர் பெயரைச் சபையில் வாயால் சொல்ல வேண்டும். நான் பதிந்துகொள்கிறேன். சொல்லுங்கள் மதாம்.”

“அதுலயே எழுதியிருக்குமே.”

“எழுதியிருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும்.”

அலமேலு ஆறு விரலைக் காட்டினாள். ஆறு பேர் சேர்ந்து எழுதினார்களா என்று ஒருவர் கேட்டார். தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். பல்வலியா என்று தாடிக்காரர் கேட்டார். மிஸ்யே ரோபெர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, “இந்த அம்மாளுக்கே தெரியவில்லை, விடுங்கள்” என்றார்.

தெரியாதா? யாருக்குத் தெரியாது? இங்கிலீஷ் வேண்டாம் என்றார்கள், பிரெஞ்சில் கொடுத்தார். நிறுவனம் கேட்டார்கள், செத்த வண்டு கேட்டார்கள். கடைசியில் புருஷன் பெயரே எனக்குத் தெரியாது என்கிறார்கள். அலமேலுவுக்குக் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. கோபத்தோடு கோபமாக அதுவும் வந்துவிட்டது.

“ஆறுமுகம்” என்றாள். “என் புருஷன் பேர் ஆறுமுகம். எழுதுங்க.”

மிஸ்யே தெனி எழுதினார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று வழியில் போ பசான் என்ற ஊரில் தங்கை வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் ஊர் வந்து சேர்ந்தாள். விரதச் சோற்றை இலையில் போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். கிளாசில் வண்டு விழுந்ததை ஆறுமுகம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “பேர யார் சொன்னா?” என்றார்.

“நான்தான்.”

பிசைந்த கை நின்றுவிட்டது.

“உங்க ஆயுசு குறைஞ்சா சங்கத்துக்கு எழுதிக் கேளுங்க” என்றாள் அலமேலு. “அதுக்கும் பிரெஞ்சுலதான் எழுதணும்.”

அவர் சோற்றை மறுபடி பிசைந்தார். “இத்தன வருஷத்துல ஒரே ஒரு தடவ சொல்லியிருக்க” என்றார். “அதயும் ரோபெர் துரை கேட்டிருக்கார், நான் கேக்கல. இங்க ஒரு தரம் சொல்லேன்.”

“அச்சுல வரும், படிச்சுக்குங்க.”

கட்டுரை அச்சில் வந்தது, பெயரோடுதான் வந்தது. குழிகளை மூடும் பேச்சும் மெல்ல அடங்கியது. ஆனால் அதெல்லாம் ஆக மாசங்கள் ஆயின. தைப்பூசம் முன்னாலேயே வந்துவிட்டது.

அன்று ஆறுமுகம் நாக்கில் வேல் குத்தி, தோளில் காவடி ஏந்தி, கரும்புக்கு நடுவே போகும் பாதையில் வெயிலில் நடந்தார். பேச முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. பின்னால் கூட்டத்தோடு அலமேலு வந்தாள். யாரோ குரல் எடுத்துக் கொடுத்தார்கள். எல்லோரும் ஒன்றாகக் கூவினார்கள். அந்தக் குரல்களுக்கு நடுவே ஒரு குரல், முதல் சொல்லை விழுங்காமல், “ஆறுமுகனுக்கு அரோகரா” என்றது.

காவடி ஒரு கணம் நின்று, மறுபடி நடந்தது.