உப்புத் தண்ணீரில் திரிந்த வேப்பெண்ணெய்

தங்கமணி பூதலூர்க்காரி. காவேரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு, வாக்கப்பட்ட வேதாரண்யத்துத் தண்ணீரின் குணம் இன்னும் பிடிபடவில்லை.

வயலில் இலைச்சுருட்டுப் புழு. கடை மருந்து வேண்டாம், வேப்பெண்ணெய்தான் என்று மாமனார் வைரக்கண்ணுவிடம் ஒற்றைக்காலில் நின்றாள். வரப்போரப் பாத்தியில், அலைந்து திரிந்து வாங்கிய ஒரு பிடி பழைய ரக நெல் விதைக்காக வளர்ந்துகொண்டிருந்தது. அது போனால் மறுபடி கிடைக்காது.

வாளியில் எண்ணெயோடு சோப்புக் கரைசலை ஊற்றிக் கலக்கினாள். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குடிதண்ணீரைத் தொட மனம் வரவில்லை. போர்க் கிணற்றின் உப்புத் தண்ணீரையே அதில் ஊற்றி, மோட்டார் தெளிப்பானின் டேங்கை நிரப்பி, மாமனார் முதுகில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

வாளியைக் கழுவக் குனிந்தாள். பால்போல இருக்கவேண்டிய மிச்சம் திரிந்து கிடந்தது. அடியில் தெளிந்த தண்ணீர், அதன்மேல் வெள்ளைத் திப்பி, எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். உப்புத் தண்ணீரில் சோப்பு எண்ணெயைக் கைவிட்டிருந்தது. டேங்குக்குள்ளும் இதே கதைதான் நடந்திருக்கும். அடியிலிருந்து உறிஞ்சுகிற டேங்க் முதலில் தண்ணீரை அடிக்கும், கடைசியில் வெறும் எண்ணெயை. அது பட்ட இலை வெயில் ஏறினால் கருகிவிடும்.

கத்திக்கொண்டே வரப்பில் ஓடினாள். மோட்டார் இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. வழுக்கி விழுந்து, சேறும் சகதியுமாகப் போய்ச் சேர்ந்தபோது டேங்க் காலி.

"கடைசில கெட்டியா வந்துச்சும்மா. சத்தெல்லாம் அதுலதான் இருக்கும்னு ஒன் விதைப் பாத்திக்கே அடிச்சிட்டேன்" என்றார் பெருமையாக.

அவளுக்கு அழுகை முட்டியது. பிரியத்தில் செய்த காரியம், யாரைத் திட்டுவது? தண்ணீரை மாற்றி ஊற்றியது அவள் கைதானே. நடந்ததைச் சொன்னாள். அவர் டேங்கை இறக்கி வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தாள். திரும்பி வந்தபோது தோளில் ஒரு குடம், கையில் ஒரு குடம். வீட்டிலிருந்த குடிதண்ணீர் மொத்தமும் அதுதான்.

நல்ல தண்ணீரில் சோப்பைக் கரைத்து இலை இலையாக ஊற்றினார்கள். எண்ணெய் பால் நிறமாகி வழிந்து இறங்கியது. இரண்டாவது குடத்தைக் கவிழ்த்துப் பயிரை அலசினார்கள். பிழைத்ததா என்று நாளைக்குத்தான் தெரியும். வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு குடிக்கத் தண்ணிக்கு என்ன பண்றது மாமா?"

"நமக்கு பக்கத்து வீடு இருக்கும்மா. இதுக்கு யாரு இருக்கா?"