திரும்பி வராத அஞ்சல்

அந்தத் தொழிற்சாலையின் அஞ்சல் சர்வரில் ஒரு தனிப்பெட்டி உண்டு. பெறுபவரின் கணக்கு இல்லையென்றால் சர்வர் அஞ்சலை அனுப்பியவருக்கே திருப்பிவிடும். அனுப்பியவரின் கணக்கும் இல்லையென்றால் என்ன செய்வது? நிர்வாகியே பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிடும். அதைக் காலி செய்வது நிர்வாகியான அவள் வேலை. திறந்து பார்க்காமல் எதையும் அழிக்க அவளுக்கு மனம் வராது. குப்பைக்குக் காவல் இருக்கிறாள் என்று மேலாளர் கேலி செய்வார்.

அன்று மதியம் பெட்டியில் கிடந்தவை எல்லாம் ஒரே ஆளுடையவை. அனுப்பியவர், போன மாதம் மாரடைப்பில் இறந்த கிடங்குக்காரர். பெறுபவரும் அவரே.

அவர் கணக்கை மூடியதே அவள்தான். ஒன்றைத் திறந்தாள்.

"சமையலறைக் குழாய் ஒழுகுது. எந்த வால்வை மூடணும்?"

தேடியதில் பிழை பிடிபட்டது. அஞ்சல் வரும் வழியை அடைத்தவள், போகும் வழியை அடைக்க மறந்திருந்தாள். அவர் போனிலிருந்து யாரோ இன்னும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அதையும் அடைத்துவிடச் சொன்னார் மேலாளர். கிடங்குக்காரர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடைக்கலாம் என்று அவள் போன் செய்தாள்.

எடுத்தது அவர் மனைவி. தான்தான் எழுதுவதாக மறைக்காமல் சொன்னாள்.

"என் போன்ல இருந்து அனுப்பினேன்மா. இப்படி ஒருத்தர் இல்லைன்னு உடனே திரும்பி வந்துடுச்சு. அவர் போன்ல இருந்து அனுப்பினா ஒண்ணுமே திரும்பி வரல. அப்ப அவருக்குக் கிடைக்குதுன்னுதானே?"

வரும் வழி, போகும் வழி, தனிப்பெட்டி என்று எல்லா விளக்கமும் நிர்வாகியின் நாக்கு நுனியில் நின்றது.

"சொல்லும்மா. கிடைக்குதா?"

"கிடைக்குதுக்கா."

மறுமுனையில் போனை வைக்கும் சத்தம் கேட்டது.

பெட்டியைக் காலி செய்துவிட்டு, போகும் வழியை அடைக்கும் திரையைத் திறந்தாள். சொன்னது முழுப் பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் பெட்டியில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது.

"ஆபீஸ்ல கேட்டேன். நான் எழுதுறதெல்லாம் உங்களுக்குக் கிடைக்குதாம். அப்புறம் ஏன் ஒரு பதில்கூடப் போடல?"

இப்போது அடைத்தால், அடுத்ததை அவர் போனே அனுப்ப மறுத்துவிடும். அவர் கோபித்துக்கொண்டார் என்றுதான் அந்த அக்கா நினைப்பாள்.

அடைத்தாயிற்றா என்று மேலாளர் தன் மேசையிலிருந்தே கேட்டார்.

"இன்னும் இல்ல சார்," என்றாள். பெட்டியில் இன்னொன்று விழுந்தது. அதைத் திறக்க அவளுக்குக் கை எழவில்லை.