பீரோவோடு வந்த அறை

சுமைக்காரருக்கு அன்று இடுப்பு பிடித்துக்கொண்டதற்குக் காரணம், பீரோவோடு சேர்த்து ஓர் அறையையும் வண்டியில் வைத்து இழுத்து வந்திருந்ததுதான். அது அப்போது அவருக்குத் தெரியாது. பாதி ஆயுசை பீரோ தூக்கியே கழித்தவர் அவர். இந்த பீரோ மேட்டில் ஏறும்போது இரண்டு பீரோவாகக் கனத்தது, திருப்பத்தில் வண்டியையே பின்னுக்கு இழுத்தது. வயசு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவர் குப்புறப் படுத்ததும், சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு வந்து, தைலம் தேய்த்துக்கொண்டே திட்டினாள். "ஊரான் வேண்டாம்னு கழிச்சதைத் தூக்கிட்டு வந்தா இங்க எங்க வைக்கிறது? என் தலைமேலயா?" கேள்வி நியாயமானது. அவர்கள் இருந்தது வரிசை வீடுகளில் கடைசி. மொத்த வீடும் ஓர் அறைதான், காலை நீட்டினால் அடுப்பில் இடிக்கும். பீரோவைப் பின்சுவரை ஒட்டிச் சந்தில் நிறுத்திச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள்.

பீரோவைக் கழித்தவர் சார். காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய அதிகாரி, சொந்த வீடு. கம்பெனி செலவில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்குச் சாமான்களைக் கண்டாலே மூச்சு முட்டியது. நாம் வைத்திருக்கும் பொருளெல்லாம் நம்மைக் கட்டி வைத்திருக்கிறது என்று அங்கே மேடையில் ஒருவர் பேசினாராம். பேசியவரின் கார் டிரைவரோடு வாசலில் நின்றதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சார் ஊர் திரும்பியதும் முதலில் பாத்திரங்களில் கை வைத்தார். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் தவிர மற்றதெல்லாம் வாசலுக்குப் போயின. ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து அந்த இரண்டு தட்டையும் பார்த்துத் தலையாட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சுமைக்காரர் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்தே இரண்டு தட்டுதான். அதைப் பார்க்க ஒரு நாய்கூட வந்ததில்லை. இல்லாதவன் வீட்டில் அதற்குப் பெயர் தரித்திரம், இருக்கிறவன் வீட்டில் அதற்குப் பெயர் தெளிவு.

பீரோ தூக்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. இழுப்பறைகளை உருவி அறையிலேயே தரையில் அடுக்கிவிட்டு, வெறும் கூட்டைத்தான் முதலில் கொண்டுபோவார்கள். அதை இறக்கிவிட்டு மறு நடை வந்து இழுப்பறைகளை எடுப்பார்கள். வழியில் நழுவிக் காலில் விழக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை, வேறு மகிமை ஒன்றும் கிடையாது. சார் அதற்குச் சம்மதிக்கவில்லை. "ஒரு பீரோவுக்கு ரெண்டு நடையா? நல்ல கதையா இருக்கே! கயித்தைப் போட்டு இறுக்கிக் கட்டுப்பா. இந்த ரூம்ல ஒரு துரும்பு இருக்கக் கூடாது." கட்டிலும் நாற்காலியும் முந்தின வாரமே போயிருந்தன. ஆகவே பீரோ வாசற்படி தாண்டியபோது அந்த அறையில் ஒன்றுமே மிச்சமில்லை. இழுப்பறைகள் கொஞ்ச நேரம் தரையில் கிடந்திருந்தால் அறை அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும், பிடிக்க ஒன்றும் இல்லாமல்தான் பீரோவின் பின்னால் கிளம்பிவிட்டது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். பிற்பாடு சொல்வதற்கு ஆள் பஞ்சமே கிடையாது.

மறுநாள் காலையில் பின்சுவரில் ஒரு கதவு இருந்தது. திறந்தால் இளம்பச்சைச் சுண்ணாம்பு அடித்த அறை, நடுவில் சாக்கு போர்த்திய பீரோ. சந்தின் அகலம் இரண்டு முழம்கூட இராது, அறையோ நாலு பேர் தாராளமாகப் படுக்கிற அளவு. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரியவில்லை, சார் வீட்டுக் கொய்யா மரம் தெரிந்தது. மின்விசிறியும் கூடவே வந்திருந்தது, போட்டால் சுற்றியது. அதற்கான யூனிட் சார் வீட்டு மீட்டரில் ஏறியது. அக்கம்பக்கத்தார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரம் ஊறவில்லை, நல்ல கட்டடம் என்றார்கள். வரிசை வீட்டின் சொந்தக்காரர் வந்து அறையை அளந்து பார்த்துவிட்டு, எப்படி வந்தது என்று கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாடகை கூடும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாடகை கூடினால் கூடட்டும் என்று சுமைக்காரர் பேசாமலிருந்ததற்குக் காரணம் அவர் மருமகள். மகன் லேத் பட்டறையில் வேலை செய்தான். கல்யாணமானதும் வீட்டுக்கு நடுவே போர்வையைக் கட்டி, அந்தப் பக்கம் சின்னஞ்சிறுசுகள், இந்தப் பக்கம் பெரியவர்கள் என்று பிரித்தார்கள். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மருமகள் பெட்டியைக் கட்டிவிட்டாள். "கோவிச்சுக்கிட்டுப் போகல, அத்தை. மூச்சு விடவே கூச்சமா இருக்கு. கதவு வெச்ச ரூம் ஒண்ணு கிடைச்சா சொல்லி அனுப்புங்க, நானே வந்துடறேன்." அன்று முதல் மகன் வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கே வந்து நிற்கும் அவளுக்கு ஒரு மணி நேரம் புருஷனாக இருந்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தான். அறை வந்த செய்தி கேட்டு மருமகள் அந்த வாரமே வந்தாள். பச்சைச் சுவரையோ கொய்யா மரத்தையோ அவள் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். மறுபடி எடுக்க அன்று வெகுநேரம் ஆயிற்று.

சார் வீட்டில், கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. வேறொருவராக இருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பொருளைத் துறந்தவர்கள் உண்டு, இடத்தையே துறந்தவர் உண்டா என்று கேட்டுக்கொண்டு, அந்தச் சுவர் முன்னால் உட்கார்ந்து கூட்டம் நடத்த ஆரம்பித்தார். வந்தவர்கள் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். வீட்டுக்குப் போய் ஒரு பழைய சட்டையைக் கழித்துவிட்டு, நெஞ்சு லேசாகிவிட்டதாகப் போனில் சொன்னார்கள். விஷயம் புரிந்துபோன சுமைக்காரர் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோதும் நல்லதற்குத் திறக்கவில்லை. "அந்தப் புத்தக ரூம்தான் சார், கண்ணை உறுத்துது" என்றார் ஒருநாள். சார் அவர் தோளில் தட்டி, படிக்காதவனுக்குப் புரிகிறது, என் பெண்டாட்டிக்குப் புரியவில்லை என்றார். புத்தகங்கள் போயின, அறை போயிற்று. பிறகு சோபாவும் அதோடு கூடமும். ஒவ்வொரு தடவையும் இடுப்பு பிடித்தது, ஒவ்வொரு தடவையும் தைலம் போட்டார். கூடத்தில் அவர் மனைவி பொத்தான் மூட்டைகளைப் பிரித்துப் பரப்பி, தெருப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு தைத்தாள். அடுத்தது சமையல் கட்டு வந்தால் தேவலை என்று புருஷனிடம் சொல்லியும் வைத்தாள்.

வந்தது சமையல் கட்டு இல்லை, டீச்சரம்மாவின் மேசை. சாரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அந்த மேசையில்தான் பரீட்சைப் பேப்பர் திருத்துவார். சுமைக்காரர் உள்ளே போனபோது புருஷனும் பெண்டாட்டியும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள்.

"இது எனக்கு வேணும்."

"வேணும்னு நீ நெனைக்கிறே. அந்த நெனப்பைத்தான் விடச் சொல்றேன்."

"சரி, அடுத்து நான்தானே?"

சார் யோசித்தார். உறவும் ஒரு சுமைதான் என்று முந்தின கூட்டத்தில் பேசியிருந்ததால், இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டீச்சரம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். "வண்டி வந்திருக்கும்போதே நானும் போயிடறேன். எனக்குத் தனி நடை எதுக்கு, தண்டச் செலவு." வண்டிக்குப் பின்னால் நாற்காலியோடு அவர் நடந்து போனதை இரண்டு தெருவும் பார்த்தது. மேசை வந்து இறங்கிய மறுநாள் அதன் அறையும் வந்து சேர்ந்தது. டீச்சரம்மா வாடகை எவ்வளவு என்று கேட்க, பொத்தான் தைக்கிறவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "உங்க ரூமுக்கு உங்ககிட்டயே வாடகை வாங்குனா நல்லாவா இருக்கும்? ஊசியில நூல் கோத்துக் குடுங்க, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

கடைசியில் சாரிடம் இருந்தது முன்னறை ஒன்று, அதில் ஒரு பாய். சம்பளம், பேங்குக் கணக்கு இவற்றை அவர் துறக்கவில்லை, அவை கண்ணில் படாத பொருள்கள் என்பது அவர் கட்சி. பாயை எடுக்கச் சொன்னபோது சுமைக்காரருக்கே மனசு கேட்கவில்லை. "பாய் மட்டும் கிடக்கட்டும் சார்." சார் சிரித்தார். "பயமா இருக்கா? அதுக்குப் பேருதான் பற்று." பற்றை ஒழிக்க வேறு வழியில்லாமல் சுமைக்காரர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் முன்னறை, வாசற்படி, மொட்டை மாடி எல்லாம் கிளம்பின. பாய்க்குக்கூட அப்படி இடுப்பு பிடிக்கும் என்று அவர் நினைத்ததில்லை. சார் வெறுந்தரையில், இரண்டு பக்கத்து வீட்டுச் சுவர்களுக்கு நடுவே, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கூட்டத்தார் கைதட்டினார்கள். நாலு நாள் கழித்து மழை வந்தது. கைதட்டியவர்கள் குடையை விரித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

சார் நனைந்த சட்டையோடு வரிசை வீட்டுக்கு வந்தார். முதலில் தன்னுடைய வாசற்படியிலேயே தடுக்கி விழப் பார்த்தார். "என் ரூமையெல்லாம் திருப்பிக் குடு" என்று தெருவே கேட்கக் கத்தினார். திருட்டுப் பயல் என்றார், போலீஸ் என்றார். மருமகளுக்கு அப்போது நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பச்சை அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். "கதவைத் திறம்மா, அது என் கதவு!" என்றார் சார். "உள்ள ஆள் இருக்கு சார்" என்று பதில் வந்தது, கழிவறையிலிருந்து சொல்வதுபோல. தையல் பெண்கள் சிரித்தார்கள். டீச்சரம்மா எட்டிப் பார்த்து, புருஷனை அடையாளம் தெரிந்துகொண்டு, பேப்பர் திருத்தப் போய்விட்டார். சுமைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வந்த வழியே அறை போகாது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? போனால் மருமகள் போவாள், மகன் மறுபடி பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பான், பிறக்கப் போகிறது போர்வைக்குப் பின்னால் பிறக்கும். ஆனாலும், பீரோ உங்களுடையதுதான் என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு வரவில்லை. "எடுத்துட்டுப் போறேன் சார். ரூம் வந்தா வரட்டும்."

மருமகள் கதவைத் திறந்தாள். பீரோவிலிருந்த தன் துணிகளை வாரித் தரையில் போட்டாள். சாருக்கு அவசரம், இந்தத் தடவையும் இழுப்பறைகளை உள்ளேயே வைத்துக் கட்டச் சொன்னார். சுமைக்காரர் கட்டினார், இழுத்தார். தெரு முனைவரை திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. மேட்டின் அடியில் வந்ததும் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இடுப்பு ஒடியும் என்று எதிர்பார்த்து ஒரு தம் கட்டினார். வண்டி சரசரவென்று ஏறிப் போயிற்று. வெறும் பீரோ, ஒரு பீரோவின் கனம், அதற்கு மேல் ஒரு குண்டுமணி இல்லை. மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று சாரிடம் சொன்னார். அங்கே அந்த அறையில் ஒரு தகரப் பெட்டி, ரசம் போன கண்ணாடி, வாரிப் போட்ட துணிக் குவியல், பிள்ளைக்காகப் பழைய சட்டையைக் கிழித்துத் தைத்த துண்டுத் துணிகள், சுவரில் ஆணி அடித்துக் கட்டிய கொடிக்கயிறு இவ்வளவும் இருந்தன. அறைக்குப் பிடித்துக்கொள்ள அது தாராளம்.

மற்ற சாமான்களைத் திருப்பிக் கேட்கச் சாருக்கு மறுபடி மேடேறி இறங்கத் தெம்பில்லை. காலி மனையின் நடுவே பீரோவை நிறுத்தி, உள்தட்டுப் பலகைகளைக் கழற்றிவிட்டு அதற்குள்ளேயே நின்றுகொண்டார். மழைக்குச் சாத்திக்கொண்டார், வெயிலுக்குத் திறந்து வைத்தார். ஒரு மாதத்தில் கூட்டம் திரும்பி வந்தது. பீரோவுக்குள் குடியிருக்கும் அளவுக்கு ஆசையை ஒடுக்கியவரைப் பார்க்க வரிசையில் நின்றார்கள், அவரும் கதவை ஒருக்களித்துத் திறந்து பேசினார். தபால்காரர் கடிதங்களைக் கீழ் இழுப்பறையில் போட்டார். நகராட்சியிலிருந்து வந்து அளந்து, ஒரு கதவு உள்ள குடியிருப்பு என்று எழுதி வரி போட்டார்கள். ஆபீஸுக்கு அங்கிருந்துதான் போய்வருகிறார். வரிசை வீட்டில் பேத்தி பிறந்து, தவழ்ந்து, இப்போது கூடத்தில் பொத்தான்களை இறைத்துக்கொண்டு பாட்டியிடம் அடி வாங்குகிறாள். மழைக்காலத்தில் சுமைக்காரருக்கு இடுப்பு வலிக்கிறது, மற்றபடி குறையில்லை.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் பீரோ கதவைத் தட்டுகிறார். தான் பணப்பையை வைத்துக்கொள்வதில்லை என்று சார் உள்ளேயிருந்து பதில் சொல்கிறார். மழையில் பீரோவை மேடேற்றிக் கொண்டுவந்து மனையில் இறக்கிய கூலி இன்னும் பாக்கி.