பன்னிரண்டில் நின்ற முள்

"கோட்ட கவுத்துப் போடு," என்று சொல்லிவிட்டு ரிச்சர்ட் கத்தரிக்கோலை விரித்தான்.

கல்யாணக் கோட்டின் முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டி, இரண்டு பாதியாக முன்னாலிருந்து மாட்டி, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகிவிடுவது அந்தக் கோயில் பங்கில் வழக்கம். எப்போதோ தைத்த கோட்டு, செத்த பிறகு எந்த மனுஷனுக்கும் பொத்தான் போட வராது. முன்பக்கம் மாப்பிள்ளை, முதுகுப்பக்கம் வெறும் பனியன். பென்னலூர் கிறிஸ்தவ ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் பரலோகம் போனார்கள். முன்பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்பது உயிரோடு இருந்தபோதும் அவர்களுடைய கொள்கைதானே என்று நினைத்துக்கொண்டாள் செல்வமேரி. உள்ளறைக் கதவில் சாய்ந்தபடி, புருஷனின் தம்பி புருஷனுக்கு உடுத்திவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அழவில்லை. அதைக் கூடத்துப் பெண்கள் கவனித்துவிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இருப்பா, வெட்டாத," என்றார் உபதேசியார். "ஆளு எளச்சிட்டாரே. மாட்டிப் பாரு."

விறைத்திருந்த கைகளை வெந்நீர்த் துணியால் ஒற்றி, நீவி, கோட்டுக்குள் நுழைத்தார்கள். ரிச்சர்ட் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். கடைசிப் பொத்தான்வரை சிரமமில்லாமல் பூட்டியது.

"கண்ணாலத்தன்னிக்கி இருந்தா மாதிரியே கீறாரு," என்றான் ரிச்சர்ட். "சுகரா அண்ணி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

சுகரும் இல்லை, மண்ணும் இல்லை. ஆறு மாதமாக அமிர்தநாதன் ராத்திரிச் சோற்றைத் தொடவில்லை. அவள் குழம்பு வைத்தால் ஒரு கரண்டி, மீன் வறுத்தால் ஒரு துண்டு. ஈஸ்டருக்குச் செய்த பிரியாணியை மோந்து பார்த்துவிட்டு மோர் குடித்தான். இருபத்திரண்டு வருஷம் வக்கணையாகத் தின்ற சமையலைத் திடீரென்று ஒதுக்குகிறவனைப் பெண்டாட்டி என்னவென்று நினைப்பாள்? வேறு ஒருத்தி என்றிருந்தாலாவது அவளுக்குக் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அவன் இளைத்தது ஒரு குடைக்காக. ஆகாயத்திலிருந்து குதிக்கிறவன் முதுகில் கட்டிக்கொள்கிற குடை. ஆளின் எடை பார்த்துத்தான் அதை வாங்க வேண்டுமாம்.

"அண்ணி, இங்க பாருங்களேன்." ரிச்சர்ட் அண்ணனின் இடது கையைத் தூக்கிப் பிடித்தான். "வாட்ச் நின்னு போச்சி. பன்னெண்டு."

பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். வில்லிவாக்கத்தில் தங்கச்சி வீட்டில் எழவு விழுந்தபோது நாய் அழுததை மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவள். "ஐயோ ஆமா! ரெண்டு முள்ளும் ஒண்ணுமேல ஒண்ணு குந்திகினு கீது பாரு! எப்ப உசுரு போச்சின்னு தெரியலன்னு பொலம்பிகினு இருந்தீங்களே, மனுசன் சொல்லிட்டாரு பாத்தியா!"

எப்போது போனான் என்பது உண்மையாகவே யாருக்கும் தெரியாது. செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவன், பென்னலூர் ஸ்டாப்பில் இறங்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஷெட்டில் பஸ்ஸைக் கழுவ ஏறியவன்தான் பார்த்திருக்கிறான். பத்தாயிரம் அடியிலிருந்து குதிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், ரெக்ஸின் சீட்டில், டிபன்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு செத்துப்போனான்.

அது வாட்ச் இல்லை. அதற்கு ரெண்டு முள்ளே கிடையாது, ஒரே முள்தான். கடிகாரம் போலவே எண் போட்டிருந்தாலும் அது உயரம் காட்டுகிற கருவி. ஒவ்வொரு எண்ணும் ஆயிரம் அடி. தரையில் இருக்கிறவரைக்கும் முள் மேலேதான் நிற்கும். ஆறு மாதமாக, ஒரே ஒரு நாள் தவிர, அங்கேயேதான் நின்றது. குதிக்கும்போது தன்னையறியாமல் கண் அங்கே போக வேண்டும், அதற்காக இப்போதிருந்தே கட்டிப் பழக வேண்டும் என்று, நல்ல வாட்ச்சை மேஜை டிராயரில் போட்டுவிட்டு அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சாப்பிடும்போது பார்ப்பான். குளித்துவிட்டு வந்து பார்ப்பான். கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தான் இன்னும் தரையில்தான் இருக்கிறோமா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொண்ட ஒரு ஸ்டோர்கீப்பர்.

இதை இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்தது வரும். கட்டிலுக்கு அடியிலிருக்கும் பச்சைப் பையை யாராவது இழுப்பார்கள். ராணுவத்துப் பழைய பூட்ஸ், கண்ணை மறைக்கிற கண்ணாடி, ஹெல்மெட், கையுறை, கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துணியாகத் தைத்த ஆரஞ்சு உடுப்பு எல்லாம் கூடத்துக்கு வரும். அந்த உடுப்புக்கு அளவெடுத்தபோது ஸ்ரீபெரும்புதூர் டெய்லர், "கிறிஸ்மஸ் டிராமாவுக்கா சார்?" என்று கேட்டானாம். அதையும் சிரித்துக்கொண்டே வந்து அவளிடம் சொன்னான். வெட்கம் என்பது அவனுக்குக் கிடையாது. அவன் பங்கையும் சேர்த்து அவள்தான் பட்டுக்கொண்டாள். இனி ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. யாரும் சிரிப்பதற்குள் இவன் மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

"ஆமா," என்றாள் செல்வமேரி. "நின்னுபோச்சி."

கூடத்தில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

"ஷூ எங்க அண்ணி? கட்டிலுக்கு அடியிலயா?" ரிச்சர்ட் உள்ளறைக்குள் குனிந்துவிட்டான்.

"அங்க ஒண்ணும் இல்ல."

"இல்ல, ஏதோ பை மாதிரி..."

"ரிச்சர்ட்." அவள் குரல் உயரவில்லை. அவன் நிமிர்ந்தான். "வெறும் சாக்ஸ் போட்டு உடு, போதும். பெட்டிக்குள்ள யாரு வந்து பாக்கப் போறாங்க."

அவள் கட்டிலில் போய் உட்கார்ந்து, சேலையைக் கீழே தழையவிட்டுப் பையை மறைத்துக்கொண்டாள். துக்கம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள் என்று கங்கம்மாள் வந்து முதுகைத் தடவினாள்.

மத்தியானத்துக்குள் கதை தெருவைத் தாண்டிவிட்டது. பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார்கள். சிலர் மணிக்கட்டை மட்டும் பார்த்தார்கள். மாரடைப்பு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. இருந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்காதவன், கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பூசை முடிவதற்குள் நழுவிவிடுகிறவன், ஒரே காலையில் பக்திமான் ஆகிவிட்டான். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடக் குனிந்து முள்ளை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

கம்பெனி பஸ் வந்து நின்றது. மலர்வளையத்தோடு இறங்கிய கூட்டத்தில் செக்யூரிட்டி ஆபீசர் சாம்சனும் இருந்தார். விமானப்படையில் பாராசூட் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, மேஜைமேலிருந்து மணலில் குதித்து உருளப் பழக்கியவர். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்கு அப்புறம் இந்தப் பக்கம் போலீஸ் எதற்கும் அனுமதி கொடுப்பதில்லை, அதனால் விமானம் ஏறுவது தள்ளிக்கொண்டே போனது. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அமிர்தநாதன் மட்டும் போய் மேஜைமேலிருந்து குதித்துவிட்டு, முட்டியில் சிராய்ப்போடு வருவான்.

சாம்சன் அவளைத் தேடி உள்ளறை வாசலுக்கு வந்தார்.

"நம்பவே முடியலம்மா. போன ஞாயித்துக்கிழமதான் எட போட்டோம். சரியா வந்துட்டாரு."

"எதுக்கு?"

"குடைக்கு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதுசா வர்றவங்க எல்லாம் மொதல்ல குடையத்தான் வாங்கணும்னு நிப்பாங்க. பகட்டு அதுலதான கீது. மொதல்ல ஹெல்மெட்டு, ஒசரம் காட்டுற ஆல்டிமீட்டர், குடை கடைசின்னு நான் சொன்னத இவரு ஒருத்தருதான் கேட்டாரு."

"ஊரு சொன்னா கேப்பாரு. அதுல ஒண்ணும் கொற இல்ல."

சாம்சன் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். கோட்டுக் கைக்கு வெளியே எடுப்பாக வைத்திருந்த மணிக்கட்டையும், அதைச் சுற்றி மண்டியிட்டிருந்த பெண்களையும் பார்த்தார். அவருடைய நெற்றி சுருங்கியது.

பங்குச் சாமியார் வந்து ஜெபத்தை ஆரம்பித்தார். கையில் கிடைத்ததை விடுகிறவர் இல்லை அவர். நாளும் நேரமும் நமக்குத் தெரியாது என்று தொடங்கி, ஆனால் இந்த எளிய மனிதருக்கு ஆண்டவர் நேரத்தைக் குறித்துக் கையிலேயே கட்டி அனுப்பியிருக்கிறார் என்று முடித்தார். விசும்பல் கூடத்திலிருந்து தெருவரைக்கும் பரவியது.

"ஃபாதர், அது வந்து..." என்றார் சாம்சன்.

"சார்," என்றாள் செல்வமேரி. எல்லோரும் திரும்பினார்கள். "தூரத்துலருந்து வந்துகீறீங்க. தண்ணி குடிங்க."

சொம்பை, அவர் பெட்டிப் பக்கம் நீட்டியிருந்த கைக்குள் வைத்து அழுத்தினாள். சாம்சன் அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு தண்ணீரைக் குடித்தார்.

போன மாதம் பரங்கிமலைக்குப் போகலாம் என்று அவனாகவே கூப்பிட்டபோது, கடைசியில் மனுஷனுக்குப் புத்தி வந்தது என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்ச நாளாகவே படியேறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் ஒவ்வொரு படிக்கும் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டு ஏறினாள். அவன் பக்கத்திலேயே, மணிக்கட்டை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஏறினான். மேலே கோயில் வாசலில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கன்னியாஸ்திரிகளும் நின்றிருந்தார்கள். "மேரி! முள்ளு அசஞ்சிடுச்சி! ஒரு கோடு! முந்நூறு அடி மேரி!" என்று கத்தினான். பிள்ளைகள் சிரித்தன. கன்னியாஸ்திரிகளும் சிரித்தார்கள். "நீயும் பாரேன்," என்று கையை நீட்டினான். அவள் பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டாள். இறங்கும்போது, வீட்டுக்கு வரும் பஸ்ஸில், அதற்கப்புறமும் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்தானே என்று அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். கறுப்புப் பெயின்டில் வெள்ளையாக அமிர்தநாதன், 1944, 1991 என்று எழுதியிருந்தது. மோதிரத்தை ஏற்கனவே கழற்றியாகிவிட்டது. ரிச்சர்ட் மணிக்கட்டின் தோல்வாரை அவிழ்த்தான்.

"ஃபாதர் கேட்டாரு அண்ணி. கோயில்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சி, கீழ அண்ணன் பேரு எழுதலாமாம்."

அவளுக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டி கண்ணில் தெரிந்தது. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், ஞானோபதேச வகுப்புப் பிள்ளை ஏதாவது ஒன்று மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு எண்ணும். ஒரு முள். மலைமேல் சிரித்த அதே சிரிப்பு.

"எங்கிட்ட குடு."

"இல்ல அண்ணி, ஃபாதரு..."

"புருசன் கையில கெடந்தது. எங்கிட்ட குடுன்றேன்."

அவன் கொடுத்தான். வைக்க இடமில்லை. கையில் ஜெபமாலை இருந்தது, இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. அவள் அதைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். வாரின் கடைசி ஓட்டை வரைக்கும் இழுத்தும் தளர்வாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும்தான் கூடத்துப் பெண்கள் ஓவென்று அழுதார்கள். என்ன ஜென்மங்கள், என்று நினைத்தாள்.

கல்லறையில் எல்லோரும் செய்ததையே அவளும் செய்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். மண் பெட்டிமேல் விழுந்தபோது மணிக்கட்டில் தொங்கிய கனம் முன்னால் சரிந்தது, பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். இதே பஸ்தானா என்று அவள் கேட்கவில்லை. ரிச்சர்ட் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று உபதேசியாரோடு பேசிக்கொண்டு வந்தான். தூறல் பிடித்தது. வயல்களுக்கு நடுவில் நேராகப் போய்க்கொண்டிருந்த பஸ் திரும்பி, கியரை மாற்றி, முனகிக்கொண்டு ஏரிக்கரைமேல் ஏறியது. ஒரு பக்கம் தண்ணீர் கீழே இறங்கிப் போனது. மறுபக்கம் கம்பெனிக் கூரைகள் தெரிந்தன.

செல்வமேரி முந்தானையை விலக்கி மணிக்கட்டைத் திருப்பினாள்.

"மணி பாக்குறீங்களா அண்ணி?" என்றான் ரிச்சர்ட். "அதான் நின்னுபோச்சே."

அவள் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தாள். பஸ் கரையின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.