பன்னிரண்டு மஞ்சள் வட்டங்கள்

ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிய கான்கிரீட் குழாய். ஆண்டுக்கு ஒருநாள் தண்ணீரை வடித்துவிட்டு, தொழிற்சாலையில் ஒரு பரிசோதகரை உள்ளே விடுவார்கள். அவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் சுவர் நன்றாக இருக்கிறது. தொப்பென்றால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் விட்டுப்போயிருக்கிறது.

எங்கே தட்டுவது என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேலாளரே பன்னிரண்டு மஞ்சள் வட்டங்கள் போட்டுவைத்திருந்தார். படிவத்திலும் பன்னிரண்டே கட்டங்கள். பரிசோதனைக்கு முந்தின வாரம் அந்தப் பன்னிரண்டு இடங்களையும் கொத்திப் புதிதாகப் பூசிவிடுவார்கள். குழாயில் அவ்வளவு சீரும் சிறப்புமாக வாழ்ந்த இடம் வேறு கிடையாது.

பரிசோதகரும் ஆறு ஆண்டுகளாக வட்டத்துக்குள் தட்டிக் கையெழுத்துப் போட்டவர்தான். இந்த ஆண்டு அவருடைய தங்கைக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது, குழாயை ஒட்டிய பம்பு அறையில். அதற்குப் பிறகுதான் அவருக்குக் காது கேட்டது என்றால் கோபித்துக்கொள்வார். உண்மை அதுதான்.

பம்பு அறைக்கு நேரான சுவரில், வட்டத்துக்கு வெளியே தட்டினார். தொப். ஒரு முழம் தள்ளித் தட்டினார். தொப்.

“சார், வட்டம் இங்க இருக்கு. அங்க ஏன் தட்டுறீங்க?” என்றார் கூடவே உள்ளே வந்திருந்த மேலாளர்.

“உள்ள விட்டுப்போச்சு சார். நாளைக்குத் தண்ணி ஏத்தினா தாங்காது. என் தங்கச்சி அந்தப் பக்கம்தான் உக்காந்திருப்பா.”

“உங்க தங்கச்சின்னா எனக்கும் தங்கச்சிதானே. குழாய் கல்லு மாதிரி இருக்கு. கட்டத்த நிரப்புங்க. பதிமூணாவது இடத்தை எழுதப் படிவத்துல இடமே இல்லையே.”

இருவரும் வெளியே வந்தார்கள். பரிசோதகர் எழுத உட்கார்ந்தார். மேலாளர் நாலடி தள்ளிப் போய்த் தன் கார் டிரைவரிடம் குரலைத் தாழ்த்தினார்.

“வண்டிய ஏன் குழாய் ஓரமா விட்டிருக்க? கேட் பக்கத்துல கொண்டுபோய்ப் போடு. இனிமே அங்கதான்.”

பேனா நின்றது. பிறகு பரிசோதகர் பன்னிரண்டு கட்டங்களிலும் ‘நன்று’ என்று போட்டார். படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் நிதானமாக எழுதினார்: “பம்பு அறைச் சுவரின் ஓசையைக் கேட்டபின் மேலாளர் தம் காரை அப்புறப்படுத்தினார். கார் அளவுக்கு ஊழியர்களும் பத்திரமாகும் வரை தண்ணீர் ஏற்றக் கூடாது.”

“கையெழுத்துப் போடுங்க சார். நீங்களும் சாட்சிதானே,” என்று நீட்டினார்.

மேலாளர் படித்தார். கேட்டருகே டிரைவர் காரை நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடவா என்று கையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.